விளையாட்டு அறையின் சாவி

கேள்வி: இந்த ஜூன் மாதம் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். முந்நூறுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள், பதினோரு ஆசிரியர்கள். பாட இணைச் செயல்பாடுகள் மூலம் பிள்ளைகளின் நற்பண்புகளை வளர்க்க வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுக் கூட்டங்களில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை மட்டுமே கேட்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? எதிலிருந்து தொடங்குவது? பத்தாம் வகுப்புக்கு மட்டுமாவது விலக்கு அளிக்கலாமா?

பதில்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. ஆசிரியராக இருபத்து மூன்று ஆண்டுகள், தலைமையாசிரியராகப் பதினோரு ஆண்டுகள், எல்லாம் காவிரிப் படுகையின் கடைமடைக் கிராமங்களில். தலைமையாசிரியராக அமர்ந்த முதல் ஜூன் மாதமே இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் படை என்று ஒன்றுவிடாமல் தொடங்கினேன். பொறுப்பாசிரியர்களின் பெயர்களோடு அலுவலகச் சுவரில் பலகை மாட்டினோம். தீபாவளிக்குள் பதிவேடுகள் மட்டுமே மிஞ்சின. நடக்காத கூட்டங்களுக்கு ஆசிரியர்கள் கூட்டக் குறிப்பு எழுதினார்கள். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய வேலையில் நான் போட்ட அந்தப் பொய்க் கையெழுத்துகள் இன்றும் என்னை உறுத்துகின்றன. அதே தவறை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகளில் நான் கற்றது ஒன்றுதான். பிள்ளைகள் கையில் உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதில் அவர்கள் தடுக்கி விழுந்தாலும் அதைத் திரும்பப் பிடுங்காமல் பொறுத்திருக்க வேண்டும். குணம் அந்த இடைவெளியில்தான் உருவாகிறது. அந்த இடைவெளிக்கு நேரம் ஒதுக்கவும், அதற்கு வரும் குறைகூறல்களைத் தன் தலையில் ஏற்கவும் பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவரால்தான் முடியும்.

முதலில் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். உடற்கல்விப் பாடவேளை தாளில் இருக்கும். நடக்கிறதா என்று ஒரு வாரம் சும்மா நடந்து போய்ப் பாருங்கள். கணக்கு ஆசிரியர் ஒன்றைக் கடன் வாங்கியிருப்பார், அறிவியல் ஆசிரியர் இன்னொன்றை. பிள்ளைகள் இதிலிருந்தே ஒரு பாடம் படித்துவிடுகிறார்கள்: எழுதி வைத்த வாக்கைப் பெரியவர்கள் காப்பாற்ற வேண்டியதில்லை என்ற பாடம். அதற்குப் பிறகு வழிபாட்டுக் கூட்டத்தில் வாய்மையைப் பற்றி நாம் என்ன பேசினாலும் காதில் ஏறாது. நான் இரண்டாம் ஆண்டில் செய்த முதல் வேலை, அந்தப் பாடவேளைகளை யாரும் தொடக்கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னதுதான். எதிர்ப்பு வந்தது. அதற்கு ஈடாக என் சொந்தப் பாடவேளைகளில் இரண்டைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்தேன். தலைமையாசிரியர் தன் பங்கிலிருந்து கொடுத்தால் மற்றவர்கள் வாதாடுவதில்லை.

ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் பேசவும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான கல்வி பிள்ளையின் முழு வளர்ச்சியை நோக்க வேண்டும், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிதல் வழியாகவும் கற்றல் நிகழ வேண்டும் என்று சொல்கிறது. பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்தியது. மாணவருக்கு நீங்கிய அந்த ஓட்டப்பந்தயம் தேர்ச்சி விகிதம் என்ற பெயரில் தலைமையாசிரியர்களின் தோளில் இன்னும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

அடுத்து மன்றங்கள். 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். தேர்வில் ஏமாற்றவும், விளையாட்டில் பொய்க் கணக்குச் சொல்லவும், சில்லறைக் காசை எடுத்துக்கொள்ளவும் யாருக்கும் தெரியாத வாய்ப்புகளை ஏற்படுத்தி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. நேர்மையைப் போதிக்கும் அமைப்புகளில் உறுப்பினராக இருப்பது மட்டும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பிள்ளை இருந்த சூழலும் கூட இருந்தவர்களின் வழக்கமுமே அதிகம் பேசின. இதை நான் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் அந்தப் பலகையை மாட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் படிப்பதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நேர்மை அங்காடி ஒன்று திறந்தோம். பேனா, பென்சில், அழிப்பான், நோட்டு ஆகியவற்றை மேசையில் வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியல். விற்பவர் கிடையாது, எடுத்துக்கொண்டு காசைப் போட வேண்டியதுதான். முதல் வாரக் கணக்கில் எண்பது ரூபாய்க்கு மேல் குறைந்தது. மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் கோபமாகப் பேசினேன். அடுத்த வாரம் கணக்கு நேராகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சத்துணவு அமைப்பாளர் அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் எதையும் எடுக்காமலேயே, ஐயா கோபப்படுகிறாரே என்று பயந்து வீட்டிலிருந்து காசு கொண்டுவந்து உண்டியலில் போட்டிருக்கிறாள். அன்று அறையில் தனியாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் அங்காடியை ஒப்படைத்தேன். சரக்கு வாங்குவது, மாலையில் எல்லோர் முன்னிலையிலும் காசை எண்ணுவது, குறைந்தாலும் கூடினாலும் கரும்பலகையில் எழுதுவது எல்லாம் அவர்கள் வேலை. யார் எடுத்தார் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. குறைவு ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் அது பள்ளி முழுவதும் பேசும் விஷயமாயிற்று. 'நோட்டு இன்றைக்கு வேண்டும், காசு நாளைக்குத்தான் இருக்கும், என்ன செய்வது?' என்று ஒரு பையன் வந்து கேட்டான். கணக்குப் பிள்ளைகள் நால்வரும் கூடிப் பேசி, கடன் நோட்டு ஒன்று போட்டார்கள். காசு குறைந்ததற்குப் பெரும்பகுதிக் காரணம் திருட்டல்ல, வறுமையும் வெட்கமும்தான் என்று அந்த நோட்டு எனக்குக் காட்டியது. எனக்குத் தோன்றாத தீர்வு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியது.

தலைப்பில் சொன்ன சாவியின் கதையும் இதே வகையைச் சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் தினமும் தாமதமாக வரும் ஒரு பையன். அடிக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, சொல்லாவிட்டாலும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவனிடம் விளையாட்டு அறையின் சாவியையும் கையிருப்புப் பதிவேட்டையும் கொடுத்தேன். காலையில் அறையைத் திறப்பவன் அவன்தான். வராவிட்டால் மற்ற பிள்ளைகளுக்குப் பந்து கிடைக்காது. இரண்டு வாரம் சரியாக நடந்தது. மூன்றாம் வாரம் இரண்டு வாலிபால்களைக் காணவில்லை. உடற்கல்வி ஆசிரியர் சாவியைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றார், ஓய்வறையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். காலாண்டுத் தேர்வு வரை சாவி அவனிடமே இருக்கட்டும் என்றேன். இரவு எனக்கே சந்தேகம்தான்.

அவன் நான்கைந்து நாட்கள் விசாரித்துக் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் இளைஞர்கள் சுவரேறிக் குதித்து விளையாடுகிறார்கள், சன்னல் கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது. அவர்களிடம் தானே போய்ப் பேசியிருக்கிறான். பழைய பந்து ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், மாலையில் திருப்பித் தர வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு பந்து திரும்பி வந்தது, இன்னொன்று வரவே இல்லை. அந்த ஆண்டு பள்ளியின் சன்னல் எதுவும் உடையவில்லை. அதன் பிறகும் அவன் சில நாட்கள் தாமதமாக வந்தான், அது வேறு. ஆனால் தாமதமாகும் நாளில் சாவியை இன்னொருவனிடம் முந்தைய மாலையே கொடுத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டான்.

இனி மேடைக்கு வருகிறேன். 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் போட்டி. சிலம்பம், பறை, வில்லுப்பாட்டு, பொம்மலாட்டம் என்று நம் மண்ணின் கலைகளுக்கு அதில் இடம் இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் போட்டி என்று வந்ததும் நம் கண் தன்னாலே வெல்லக்கூடிய ஐந்தாறு பிள்ளைகள் மீது போய்விடும். நன்றாகப் பேசும் பிள்ளையே பேச்சுப் போட்டிக்கும், வரவேற்புரைக்கும், விருந்தினருக்கு மாலை போடுவதற்கும் போகும். ஒரு முறை அரையாண்டு விடுமுறையில் மாணவர் பட்டியலை எடுத்து, ஜூன் முதல் எதற்காவது பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளைகளைக் குறித்துப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலை நீங்களும் ஒரு முறை எழுதிப் பாருங்கள். அதன் பிறகு நாங்கள் ஒரு விதி வைத்தோம்: வட்டாரப் போட்டிக்குத் திறமையானவரே போகட்டும், பள்ளிக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் மேடையேறக் கூடாது. நிகழ்ச்சிகளின் தரம் குறைந்தது, சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். திக்கித் திக்கிச் செய்தி வாசிக்கும் பிள்ளையை முந்நூறு பேர் சிரிக்காமல் கேட்கப் பழகினார்கள். வாசித்தவனை விடவும் கேட்டவர்களுக்கே அது பெரிய பயிற்சி.

அணிகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024இல் வந்த மகிழ் முற்றம் திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறோம். எல்லா வகுப்பினரும் கலந்த குழுக்கள் என்பதால் நல்ல ஏற்பாடு. ஆனால் குழு என்றாலே ஒற்றுமை வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தினார். சில நாட்களில் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள், தங்கும் இடத்தில் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தபோது உணவை எறிந்து சண்டை போட்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனது, வண்டி நின்றுபோனது என்று இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கிய பிறகே பகை தணிந்தது.

நம் ஊரில் இது வெறும் உளவியல் பாடம் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே சாதியின் பெயரால் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தாள். அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, அகர வரிசையில் அமர வைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் கபடி அணியில் தெருவாரியாகப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கிறார்களா என்று கவனிப்பதும், அணித் தலைவனை மாற்றி மாற்றி அமர்த்துவதும், ஒருவர் பாட்டிலில் இன்னொருவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று தூரத்தில் நின்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். அதைச் சுற்றறிக்கை செய்யாது.

எங்கள் மைதானம் ஐப்பசி, கார்த்திகையில் குளமாகிவிடும். ஒரு முறை எல்லாப் பிரிவுப் பிள்ளைகளையும் கலந்து, சனிக்கிழமை ஒன்றில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிய விட்டோம். இதில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். முன்கூட்டியே பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒப்புதல் வாங்கினேன். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால் பிறகு முணுமுணுப்பு எழவில்லை. மண்வெட்டி பிடித்தது ஆசிரியர்களும் நானும், மண்ணை அள்ளியது பிள்ளைகள். கழிப்பறையைத் துப்புரவு செய்ய எந்தப் பிள்ளையையும் ஒருபோதும் விடாதீர்கள். வகுப்பறை பெருக்கும் முறையைக் கூட வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி போடுங்கள். 'இவன் நன்றாகப் பெருக்குவான்' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று உடனே பாருங்கள்.

சாரணர் இயக்கம் தொடங்கியதும் இப்படி ஒரு கலப்பில்தான். அதை நிறுவிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களுமாக ஏறத்தாழ இருபது பேர், நான்கு அணிகள். அணித்தலைவனுக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. உங்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தால் சீருடை, அணிவகுப்பு இவற்றோடு நின்றுவிடாமல் அந்த அணிமுறையை உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், அது போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். மாலையில் பள்ளி விட்ட பிறகுதான் பயிற்சி என்று முடிவெடுத்தால், பெண் பிள்ளைகள் வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவே பொருள். கடைசி டவுன் பஸ், வீட்டில் தம்பி தங்கை, இருட்டு, அப்பாவின் கேள்வி என்று நான்கு தடைகள் அவர்களுக்கு. நாங்கள் எறிபந்துப் பயிற்சியை உணவு இடைவேளைக்குப் பிந்தைய பாடவேளைக்கு மாற்றிய ஆண்டில்தான் குறுவட்டப் போட்டிக்கு முழு அணியை அனுப்ப முடிந்தது. போட்டிக்கு அழைத்துச் செல்ல ஆசிரியை ஒருவர் கூட வருவார் என்று நீங்களே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பெண் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று கேட்டால் மறுக்கும் தாய் அரிது. எனக்கு இல்லாத வசதி அது.

ஆசிரியர்களிடம் பொறுப்பை ஆணையாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். 'சின்ன வயதில் உங்களுக்கு எது பிடிக்கும்?' என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் சிலம்பம் கற்றவர் என்பது அவரோடு ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அப்படிக் கேட்டபோதுதான் தெரிந்தது. பகுதிநேர ஓவிய, தையல் ஆசிரியர்கள் இருந்தால் அவர்களை ஓரமாக உட்கார வைக்காமல் ஆசிரியர் கூட்டத்தில் முதலில் பேச விடுங்கள். பிறகு நீங்கள் மைதானத்துக்குப் போய் நில்லுங்கள், பத்து நிமிடம் போதும். நீங்கள் எந்தப் பதிவேட்டை முதலில் கேட்கிறீர்கள், எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர்கள் உங்கள் மனதைப் படிக்கிறார்கள்.

நற்பண்புக்கு மதிப்பெண் போட முயலாதீர்கள். 2012–13இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது வகுப்புச் செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்ட வளரறி மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். நோக்கம் உயர்ந்தது. ஆனால் பல வீடுகளில் அம்மாக்கள் கடையில் படம் வாங்கி இரவெல்லாம் சார்ட் ஒட்டினார்கள். மதிப்பெண் இருக்கும் இடத்தில் பிள்ளை நமக்காக நடிக்கத் தொடங்கிவிடும். நான் வேறு இடங்களில் பார்த்தேன்: ஆசிரியர் வராத வகுப்பில் என்ன சத்தம் கேட்கிறது, சத்துணவு வரிசையில் சிறியவர்களைப் பெரியவர்கள் முந்துகிறார்களா, ஆண்டு விழா முடிந்த இரவில் நாற்காலிகளை யார் எடுத்து வைக்கிறார்கள், தோற்ற அணி வென்ற அணியின் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறதா. இவற்றை ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

கடைசியாகப் பத்தாம் வகுப்பு. விலக்கு வேண்டாம். ஆனால் அவர்களை மேடைக்கும் போட்டிக்கும் ஓட வைக்கவும் வேண்டாம். நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கோ-கோ, கபடி ஆட்டங்களுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவர்களாக விட்டோம். வாரத்துக்கு நாற்பது நிமிடம், அதற்கு மேல் இல்லை. தன் தம்பி ஆடும் ஆட்டத்தில் தம்பிக்கு எதிராக விசில் ஊத வேண்டியிருக்கும். ஊதாவிட்டால் முழு மைதானமும் கத்தும். அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருங்கள். விசில் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக வரும், ஆனால் வரும். ஜூலை முதல் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடுங்கள், அதற்குப் பணமும் வேண்டாம், ஆணையும் வேண்டாம், நான்கு விசில்கள் போதும்.